பதினேழு தடவை பத்து நிமிஷம்

— குடுக்க முடியாது சார். இப்பத்தானே உங்க கவுன்டர்ல இந்தக் கடுதாசிக்கு முத்திரை சாப் குத்திக் குடுத்தாங்க? மை கூட இன்னும் காயல.

— அதான் சிஸ்டர் பிரச்சனையே. குத்தக் கூடாத சாப்ப குத்திட்டாங்க. அதத் திருப்பி வாங்கத்தான் பட்டர்வொர்த் ஸ்டேஷன்ல இருந்து ஃபெரி வரைக்கும் ஓடி வந்தேன். மூச்சு வாங்குது பாருங்க. கொஞ்சம் இப்படி உக்காந்துக்கிறேன்.

— உக்காருங்க. ஃபெரி எனக்கு மட்டுமா சொந்தம்? ஆனா கடுதாசி பேக்குக்குள்ள போயிருச்சு. ஜிப்பும் போட்டாச்சு.

— நான் புவனேஸ்வரன். ரயில் கம்பெனியில பயணிங்க புகாரெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். உங்களுக்கு சாப் குத்தின நோர்மா எனக்குக் கீழ வேலை செய்றவங்க. நீங்க சாந்தினி, கார்த்திகேசு மக, ஈப்போல இருந்து வர்றீங்க. சரிதானே?

— எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. அப்புறம் என்ன? ரெண்டு வாரத்துக்கு முன்னால பாதி வழியில நின்னது உங்க ரயிலு. நாலு மணி நேரம் லேட்டு. லேட்டுன்னு ஒரு கடுதாசி கேட்டேன், குடுத்தீங்க. முடிஞ்சுது லா.

— லேட்டுன்னு மட்டும் அதுல எழுதல சிஸ்டர். ‘இந்தப் பயணி மேற்படி ரயிலில் பயணம் செய்தார்’னு எழுதியிருக்கு.

— செஞ்சேன். டிக்கெட் காட்டினேனே? கோச் சி, சீட் பதினொன்னு, ஜன்னலோரம்.

— டிக்கெட் வாங்கியிருக்கீங்க. உள்ளத சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த டிக்கெட் ஈப்போ கேட்ல ஸ்கேன் ஆகல. நோர்மா அதப் பார்க்காம குத்திட்டாங்க. நீங்க வெளிய போனப்புறம்தான் நான் கம்ப்யூட்டர்ல பார்த்தேன்.

— உங்க மெஷின் வேலை செய்யலன்னா நானா பொறுப்பு? ரயிலே ஓடலையாம், மெஷின் மட்டும் ஒழுங்கா ஓடியிருக்குமா?

— நியாயமான கேள்வி. சரி, மெஷின விடுங்க. ரயில் எங்க நின்னுச்சு?

— நிபோங் தெபால் தாண்டி. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல.

— எத்தன மணிக்கு?

— பன்னெண்டு ஆக இருபது நிமிஷம் இருக்கறப்ப. லைட்டு போச்சு, ஏர்கோன் செத்துப் போச்சு, உள்ள அவியுது. ஒரு கைக்குழந்தைக்கு சுத்தி இருந்தவங்க எல்லாம் பேப்பர வச்சு விசிறினாங்க. வயசான மலாய் பாக்சி ஒருத்தருக்கு மயக்கம் வந்து தரையில படுக்க வச்சாங்க. நடுநடுவுல அனௌன்ஸ்மென்ட். இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்னு.

— எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. அப்புறம் எப்படி வந்து சேர்ந்தீங்க?

— எப்படின்னா? மீட்பு எஞ்சின் வந்துச்சு. முன்னால மாட்டி எங்க ரயில அப்படியே பட்டர்வொர்த்துக்கு இழுத்துக்கிட்டு வந்துச்சு.

— ம்.

— என்ன சார் சிரிக்கிறீங்க?

— சிரிக்கல சிஸ்டர். எஞ்சின் வந்தது நெசம்தான். ஆனா அதோட கொக்கி இந்த ரயிலுக்குச் சேரல. ஒரு மணி நேரம் அதோட மல்லுக்கட்டிப் பார்த்துட்டு, பக்கத்துத் தடத்துல வேற ஒரு ரயில கொண்டாந்து ஒட்டி நிறுத்தினோம். ரெண்டு ரயில் கதவுக்கும் நடுவுல ஒரு பலகையப் போட்டு, ஒவ்வொருத்தரா கையப் புடிச்சு மாத்தினோம். முன்னூறு பேருக்கு மேல. பலகை ஆடும், கீழ ஜல்லி தெரியும். ஒரு சீன ஆண்ட்டி செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு வந்தாங்க. அந்த ரயில்ல இருந்த யாரும் அந்தப் பலகைய இந்த ஜென்மத்துல மறக்க மாட்டாங்க.

— பேப்பர்ல எஞ்சின் இழுத்துச்சுன்னுதானே போட்டிருந்தாங்க?

— பேப்பர்ல அப்படித்தான் போட்டிருந்தாங்க.

— நான்... பயத்துல மறந்திருப்பேன் சார். அன்னைக்கு இருந்த நிலைமையில எனக்கு எதுவுமே மனசுல நிக்கல.

— வேணாம் சிஸ்டர். உள்ளத சொல்றேன். காலி ரயிலத்தான் சாயங்காலமா வேற கொக்கி கொண்டு வந்து இழுத்துக்கிட்டுப் போனாங்க. பலகையப் பத்தி எழுதினா ஆயிரம் கேள்வி வரும்னு மேல இருந்து சொன்னாங்க. அதனால ‘மீட்பு எஞ்சின் மூலம் ரயில் பட்டர்வொர்த் கொண்டுவரப்பட்டது’ன்னு ஒரு வரியோட நிறுத்திக்கிட்டோம். அந்த அறிக்கைய எழுதினவன் நான்தான். எஞ்சின் இழுத்துச்சுன்னு யாராவது சொன்னா எனக்கு உடனே தெரிஞ்சுரும். அவங்க ரயில்ல வந்தவங்க இல்ல, நான் எழுதினதப் படிச்சவங்க.

— ஓ. நீங்க எழுதினா அறிக்கை. நான் சொன்னா பொய்யி. ஃபெரி வரைக்கும் ஓடி வந்து புடிப்பீங்க.

— நான் எழுதினதும் பொய்தான் சிஸ்டர்.

— பேச்சுக்குப் பேச்சு உள்ளத சொல்றேன், உள்ளத சொல்றேன்னு வேற.

— சின்ன வயசுல இருந்து பழக்கம். வீட்டுல என் பொண்டாட்டியும் இதத்தான் சொல்லிக் கிண்டல் பண்ணுவா. இருந்தாலும் அந்தக் கடுதாசி எனக்கு வேணும். இந்த ரயில் பேரச் சொல்லி எவ்வளவு பேரு வந்தாங்க தெரியுமா? பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்னுல இருந்து மேனேஜர் போன் பண்றாரு. அவர்கிட்ட வேலை செய்ற அஞ்சு பேரு எங்க கடுதாசி வச்சிருக்காங்களாம், அஞ்சு பேரும் அந்த ரயில்லயான்னு கேக்குறாரு. அஞ்சு பேர்ல ரெண்டு பேருதான் ஏறியிருக்காங்க. அதுல இருந்து தலைமை ஆபிஸ் ஒவ்வொரு கடுதாசியையும் ஸ்கேனோட ஒப்பிட்டுப் பார்க்குது. அந்த மூனு கடுதாசியில ஒன்னுல நோர்மா சாப் இருந்துச்சு. ஏற்கெனவே வார்னிங் குடுத்தாச்சு. இன்னொன்னு சிக்கினா வேலை போயிரும்.

— அவங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?

— மூனு. பாருங்க, அதச் சொல்லி உங்கள மடக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் வந்தேன். சொல்லிட்டேன்.

— நல்ல ஆளு சார் நீங்க. இப்ப நான் என்ன செய்றது? இன்னைக்கு எங்க அப்பாவுக்குப் பதினாறாம் நாள். ஜெலுத்தோங் ஃப்ளாட்டுல, ஆறு மணிக்குப் படையல். சொந்தக்காரங்க அத்தன பேரும் வருவாங்க. சித்தப்பா எல்லார் முன்னாலயும் கேப்பாரு, கடுதாசி எங்கன்னு. போன வாரமே கேட்டாரு.

— ரயில் நின்னது ஊருக்கே தெரியுமே. அதுக்கு எதுக்குக் கடுதாசி?

— ரயில் நின்னது தெரியும். நான் அதுல இருந்தேனான்னு தெரிய வேணாமா? என்னாலதான் சார் அன்னைக்கு அப்பாவ நேரத்துக்கு எடுக்கல. ஒரு மணிக்கு எடுக்கிறதா இருந்துச்சு. ஐயர் வந்தாச்சு, வண்டி வந்து நிக்குது, பத்து லஞ்சாங் பக்கத்துச் சுடலையில நேரம் வாங்கியாச்சு. சாந்தினி வந்து வாய்க்கரிசி போடாம எடுக்கக் கூடாதுன்னு அண்ணன் நின்னுட்டாரு. நானும் போன்ல சொல்லிக்கிட்டே இருந்தேன். ரயில் நின்னுருச்சு அண்ணே, பத்து நிமிஷமாம். இன்னும் பத்து நிமிஷமாம். ஃப்ளாட்டுக்குக் கீழ, கெமா பந்தல் போட்டு, அந்த வெயில்ல எங்க அப்பா எனக்காகப் படுத்துக் கிடந்தாரு. நாலு மணிக்குத்தான் எடுத்தாங்க.

— நீங்க எங்க இருந்தீங்க?

— ஈப்போ ஸ்டேஷன்ல. கேட்டுக்கு எதிர்த்த நாற்காலியில.

— அந்த ரயில் கெளம்புறப்பயே அங்கதான் இருந்தீங்களா?

— ஒன்பது மணிக்கே வந்துட்டேன் சார். கையில டிக்கெட், பேக்குல மாத்துப் புடவை. கேட் திறந்தாங்க. எல்லாரும் போனாங்க. எனக்குக் கால் எழும்பல. ஸ்கேன் பண்ற பையன் கூட, ‘அக்கா, இது உங்க ரயில் இல்லையா’ன்னு கேட்டான். இல்லன்னு தலையாட்டினேன். நான் சொன்ன மொதப் பொய் அந்தப் பையன்கிட்டதான்.

— அப்பாவோட சண்டையா?

— சண்டையா? நான் அப்பா செல்லம் சார். சௌராஸ்டா பசார்ல அவருக்கு மீன் கடை. அவர் விலை கூவினா சூலியா தெரு வரைக்கும் கேக்கும்னு சொல்வாங்க. அந்த மனுஷனுக்கு ஸ்ட்ரோக் வந்து வாய் போயிருச்சு. அண்ணன் போன் போட்டு அவர் காதுல வைப்பாரு. அந்தப் பக்கம் ஊ ஊன்னு ஒரு சத்தம் மட்டும் வரும். எங்க அப்பா சத்தமே இல்ல அது. அதக் கேட்டதும் போன காதுல இருந்து தள்ளிப் புடிச்சுக்குவேன். ‘வந்துட்டுப் போ பாப்பா, உன்னத்தான் தேடுறாரு’ன்னு அண்ணன் சொல்வாரு. அடுத்த வாரம் வர்றேன் அண்ணேன்னு சொல்வேன். கிளினிக்ல லீவு இல்லன்னு சொல்வேன். இப்படியே எட்டு மாசம் போச்சு.

— ஈப்போல இருந்து ரெண்டு மணி நேரம்.

— ரெண்டு மணி நேரம் கூட இல்ல. உயிரோட இருக்கறப்ப காட்டாத மூஞ்ச, செத்தப்புறம் எப்படிக் கொண்டு போய்க் காட்டுறது? அந்த நாற்காலியில உக்காந்து இதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அண்ணன்கிட்ட ஏறிட்டேன்னு சொல்லிட்டேன். எதுக்குச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கொஞ்ச நேரத்துல ஃபேஸ்புக்ல வருது, அந்த ரயில் நின்னுருச்சுன்னு. சொல்லவே வெக்கமா இருக்கு சார். எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு.

— அப்ப குழந்தைக்கு விசிறினது, பாக்சி மயங்கினது எல்லாம்?

— எல்லாம் லைவ்ல பார்த்தது. உள்ள இருந்த ஒருத்தர் போன்ல காட்டிக்கிட்டே இருந்தாரு. சார்ஜ் தீர்ந்து அது நின்னுருச்சு. அதனாலதான் உங்க பலகை எனக்குத் தெரியாமப் போச்சு. அதுவரைக்கும் அவர் சொல்றத நான் அண்ணனுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அனௌன்ஸ்மென்ட்ல பத்து நிமிஷம்னா நானும் பத்து நிமிஷம்.

— அந்தப் பத்து நிமிஷத்த அனுப்பினதும் நான்தான் சிஸ்டர்.

— என்னது?

— அன்னைக்கு அந்த மாத்து ரயில்ல ஏறி அங்க போற வரைக்கும் ஸ்டேஷன் ஆபிஸ்ல நான்தான் டியூட்டி. ரயில்ல இருக்கிற நம்ம ஆளுக்கு, என்ன சொல்லணும்னு ஆபிஸ்ல இருந்துதான் எழுதி அனுப்பணும். எவ்வளவு நேரம் ஆகும்னு யாருக்கும் தெரியாதப்ப பத்து நிமிஷம்னு போடுறது எங்க வழக்கம். அதுக்கு மேல சொன்னா ஆளுங்க பொறுக்க மாட்டாங்க, கதவத் திறந்து தண்டவாளத்துல இறங்கிருவாங்க. இறங்கிட்டா மேல ஓடுற கரண்ட்ட அணைக்கணும். அணைச்சா அந்தப் பக்கம் ஓடிக்கிட்டிருக்கிற மத்த ரயிலும் நின்னுரும். அதனால எப்பவும் பத்து. அன்னைக்குப் பதினேழு தடவை அனுப்பினேன்.

— பதினேழா?

— அப்புறமா எண்ணிப் பார்த்தேன். மொதத் தடவை நெசமாவே நம்பித்தான் அனுப்பினேன். ரெண்டாவதும் மூனாவதும் பழக்க தோஷம். நாலாவது அனுப்புறப்ப எனக்கே தெரியும், இது இப்போதைக்கு ஆகாதுன்னு. ஆனா நாலு தடவை பத்துன்னு சொன்னவன், அஞ்சாவது தடவை எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு மூனு மணி நேரம்னு சொல்றது?

— அதேதான் சார். அச்சு அசலா அதேதான். ஒரு மணிக்கே சொல்லியிருக்கலாம், நான் வரலண்ணே, எடுத்துருங்கன்னு. ரெண்டு மணிக்கு அதச் சொன்னா, ஒரு மணிக்கு ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. மூனு மணிக்கு வாயே வரல.

— அந்த மயங்கின பாக்சி இப்ப நல்லா இருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன், கம்பெனி பழக்கூடையோட. அவர் திட்டவே இல்ல. ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு. ‘மொதல்லயே மூனு மணி நேரம்னு சொல்லியிருந்தா, கையில இருந்த தண்ணிய பார்த்துப் பார்த்துக் குடிச்சிருப்பேன் தம்பி, பத்து நிமிஷம்தானேன்னு ஒரே மூச்சுல குடிச்சுட்டேன்’னாரு.

— அதையும் அறிக்கையில போடலியே நீங்க.

— போடல.

— நான் கூட ஒன்னு சொல்லல சார். அன்னைக்கு என் கண்ணு முன்னால இன்னும் மூனு ரயில் போச்சு. பட்டர்வொர்த், பட்டர்வொர்த்னு கூப்பிட்டாங்க. நீங்க சொன்னீங்களே, கரண்ட்ட அணைச்சா நின்னுரும்னு, அந்த மத்த ரயிலுங்க. அதுல எதுலயாவது ஏறியிருந்தா கூட அப்பா மூஞ்சியப் பார்த்திருப்பேன். மறுநாள் காலைல பஸ்ல வந்தேன். அண்ணன் சாம்பல் கரைக்கக் கெளம்பிக்கிட்டு இருந்தாரு. சாப்பிட்டியான்னுதான் கேட்டாரு.

— தண்ணி குடிங்க சிஸ்டர். இந்தாங்க.

— வேணாம். இந்தாங்க, உங்க கடுதாசி. நோர்மா வேலை போக வேணாம். என் பொய்க்கு எங்க அப்பா வெயில்ல கெடந்தது போதும்.

— ரொம்ப நன்றி சிஸ்டர். உள்ள... சரி விடுங்க. ஒன்னு செய்யலாம். இன்ன தேதியில இன்ன ரயில் நாலு மணி நேரம் தாமதம்னு பொதுவா ஒரு கடுதாசி இருக்கு. யார் பேரும் இருக்காது. அது பொய்யும் இல்ல. இப்பவே போன்ல அனுப்புறேன். உங்க சித்தப்பா அதுல பேரத் தேடுவாரா என்ன?

— அவருக்கு மலாய்ல ரெண்டு வரி படிக்கவே அரை மணி நேரம் ஆகும். கம்பெனி முத்திரையப் பார்த்தாலே அடங்கிருவாரு.

— அப்புறம் என்ன? நம்பர் சொல்லுங்க.

— சீரோ ஒன் சிக்ஸ்... இருங்க சார், போன் அடிக்குது. அண்ணன்தான். ஃபெரி ஜெட்டியில வந்து நிக்கிறேன்னு சொன்னாரு. ஹலோ? அண்ணே? காத்து சத்தத்துல ஒன்னுமே கேக்கல. ஸ்பீக்கர்ல போடுறேன் இருங்க. ம், சொல்லுங்க.

— எங்க பாப்பா இருக்க? நான் வாசல்லயே காடிய ரோட்டோரம் போட்டுட்டு நிக்கிறேன். போலீஸ்காரன் விரட்டுறான்.

— வந்துட்டோம் அண்ணே. கரை தெரியுது. இன்னும் பத்து... இல்ல, எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியல அண்ணே.

— சரி லா, மெதுவா வா. நான் ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். உன் அண்ணி பிரமிளா வாழை இலை வாங்கச் சொல்லியிருக்கா, போற வழியில வாங்கிக்கலாம்.

— அண்ணே, கடுதாசி...

— அதுக்கெல்லாம் எதுக்கு அலையிற நீ? சித்தப்பாவ நான் பார்த்துக்கிறேன்னு அன்னைக்கே சொன்னேன்ல?

— இல்லண்ணே, கேளுங்க. வச்சுராதீங்க. கடுதாசி கெடைக்காது. நான் அந்த ரயில்ல இல்ல. ஏறவே இல்ல. ஈப்போலயேதான் உக்காந்திருந்தேன். ரயில்ல இருக்கேன், ரயில்ல இருக்கேன்னு உங்கள ஏமாத்திட்டேன் அண்ணே. ஹலோ? அண்ணே? கேக்குதா?

— கேக்குது பாப்பா.

— ஏதாவது சொல்லுங்கண்ணே. திட்டியாவது விடுங்க.

— என்னத்தத் திட்டுறது? எனக்கு அன்னைக்கே தெரியும். ஒரு மணி வாக்குல நீ பேசினப்ப பின்னால ஸ்பீக்கர்ல ஈப்போ, ஈப்போன்னு அலறுச்சு. நிபோங் தெபால் செம்பனைக்குள்ள ஏது பாப்பா ஈப்போ ஸ்டேஷன்?

— தெரிஞ்சுமா? அப்புறம் எதுக்கு அண்ணே நாலு மணி வரைக்கும்... ஐயர் கோவிச்சுக்கிட்டாரு, சித்தப்பா சட்டையப் புடிச்சாருன்னு அண்ணி சொன்னாங்களே... தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு அப்பாவ எடுக்காம வச்சிருந்தீங்க?

— நீ அடுத்த ரயில்ல ஏறிடுவன்னு நெனச்சேன், பாப்பா.